நம் ஊரில் என்ன பார்க்கலாம்? என்ன கேட்கலாம்?

(திருவனந்தபுரத்தில் ஒரு தொடர்கல்வி மையத்தில் மேடைத் தொழிலாளர் ஒருவர் பேசியது)

 

நான் பெரிய பேச்சாளன் இல்லை. மேடைத் தொழிலாளி. மேடையில் விளக்குக் கட்டுவேன். மைக் வைப்பேன். திரை இழுப்பேன். இந்த ஊரில் எங்கே பாட்டு நடந்தாலும், எங்கே நாடகம் நடந்தாலும், எங்களில் ஒருவர் அங்கே இருப்பார்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து டீக்கடையில் நிற்போம். செண்டை வாசிக்கிறவர் இருப்பார். கதகளிக்கு முகம் எழுதுகிறவர் இருப்பார். நாடக நடிகர் இருப்பார். "நாளைக்கு எங்கே, என்ன?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். "அந்தக் கூத்தைப் பார், விட்டுவிடாதே" என்று ஒருவர் சொல்வார். "அந்தப் பாட்டைக் கேள்" என்று இன்னொருவர் சொல்வார். அந்த டீக்கடைப் பேச்சைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நீங்கள் பகலெல்லாம் உழைக்கிறீர்கள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறீர்கள். வீட்டு வேலை செய்கிறீர்கள். கட்டட வேலை செய்கிறீர்கள். இரவில் வந்து எழுத்துப் படித்தீர்கள். இப்போது பஸ்ஸின் பலகையைப் படிக்கிறீர்கள். ரேஷன் கார்டைப் படிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாழ்க்கை பஸ்ஸும் ரேஷனும் மட்டும்தானா? பாட்டு வேண்டாமா? கூத்து வேண்டாமா? படம் வேண்டாமா?

"அதெல்லாம் படித்தவர்களுக்கு, பணக்காரர்களுக்கு. நம்மை உள்ளே விடுவார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நோட்டீசைப் படிப்பது எப்படி?

முதலில் ஒரு சின்னப் பாடம். இந்த ஊரில் நோட்டீசும் சுவரொட்டியும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். நாம் கற்றது தமிழ். பயப்பட வேண்டாம். தேதியும் நேரமும் நாம் எழுதும் அதே எண்களில்தான் இருக்கும். ப, ட, ய, ழ போன்ற எழுத்துகளின் சாயல் இரண்டு மொழியிலும் ஒன்றுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் முகம் தெரியும். வீட்டில் பிள்ளைகள் மலையாளம் படிப்பார்கள். அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒரு சொற்றொடரை மட்டும் மனதில் வையுங்கள். "பிரவேசனம் சௌஜன்யம்." நோட்டீசின் அடியில் இப்படி இருக்கும். பிரவேசனம் என்றால் உள்ளே நுழைவது. சௌஜன்யம் என்றால் இலவசம். இந்த இரண்டு சொல்லும் இருந்தால், பையில் காசு இல்லாவிட்டாலும் போகலாம். யாரும் சீட்டுக் கேட்க மாட்டார்கள்.

இனி இடங்களைச் சொல்கிறேன்.

நவராத்திரி மண்டபம்

கிழக்கே கோட்டையில் பத்மநாபசாமி கோயில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நவராத்திரி மண்டபம் இருக்கிறது. வருடம் தோறும் நவராத்திரி ஒன்பது நாளும் மாலையில் அங்கே கச்சேரி நடக்கும்.

இந்த விழாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பெரிய உறவு உண்டு. முன்பு திருவிதாங்கூர் நாட்டுக்குத் தலைநகரம் பத்மநாபபுரம். அது இன்று தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிறகு தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு வந்தது. தலைநகரம் மாறினாலும் பூசை விடவில்லை. இன்றும் நவராத்திரிக்கு முன்னால் மூன்று தெய்வங்கள் அங்கிருந்து ஊர்வலமாக வருகின்றன. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக ஊர்வலம் வரும். சரஸ்வதி நவராத்திரி மண்டபத்தில் இருப்பாள். முருகன் ஆரியசாலைக் கோயிலுக்குப் போவார். முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலுக்குப் போவாள். ஆரியசாலை எங்கே இருக்கிறது? நீங்கள் தினமும் நடக்கும் சாலைக் கடைத்தெருவின் பக்கத்தில்தான். ஊர்வலம் உங்கள் வாசலைத் தேடி வருகிறது.

மண்டபத்தில் பாடுவது யாருடைய பாட்டு? சுவாதித் திருநாள் மகாராஜாவின் பாட்டு. அவர் 1813-ல் பிறந்தார். 1846-ல் இறந்தார். முப்பத்து மூன்று வயதுதான் வாழ்ந்தார். அதற்குள் பல மொழிகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் செய்தார். நவராத்திரிக்கென்று ஒன்பது பாட்டு உண்டு. ஒரு நாளுக்கு ஒன்று. அவருடைய சபையில் தஞ்சாவூர் வடிவேலு இருந்தார். வடிவேலு வயலின் வாசிப்பதில் வல்லவர். மகாராஜா அவருக்கு யானைத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார்.

அந்த மண்டபத்தில் கச்சேரி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. அது பூசை நடக்கும் இடம். அதனால் பாட்டு முடிந்தால் கை தட்டக் கூடாது. மனதுக்குள் தட்டிக் கொள்ள வேண்டியதுதான்.

பாறசாலை பொன்னம்மாள்

இந்த மண்டபத்தைப் பற்றி இன்னொரு கதை சொல்ல வேண்டும். தாய்மார்கள் நன்றாகக் கேளுங்கள்.

பெண்கள் அங்கே பாடக் கூடாது.  ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இப்படித்தான் இருந்தது. சரஸ்வதி பெண் தெய்வம். நவராத்திரி பெண் தெய்வத்தின் விழா. ஆனாலும் பாடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள்.

பாறசாலை என்ற ஊர் உங்களுக்குத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகும் வழியில், எல்லையில் இருக்கிறது. அங்கே 1924-ல் பொன்னம்மாள் பிறந்தார். திருவனந்தபுரத்தில் 1939-ல் ஒரு சங்கீதப் பள்ளி தொடங்கியது. இன்று அதற்குச் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி என்று பெயர். பொன்னம்மாள் அங்கே சேர்ந்து படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியர் ஆனார். திருப்பூணித்துறையில் உள்ள சங்கீதக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சுவாதித் திருநாளின் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பாட்டை நவராத்திரி மண்டபத்தில் பாட அவருக்கு இடம் இல்லை.

2006-ம் ஆண்டு அந்த வழக்கம் மாறியது. பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து பாடினார். அங்கே பாடிய முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டி இருந்தது. அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் அங்கே பாடினார்கள். 2017-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2021-ல் அவர் காலமானார்.

இதில் நமக்கு என்ன பாடம்? "இந்த வயதில் எனக்கு எதற்கு எழுத்து?" என்று சிலர் கேட்பார்கள். எண்பது வயதுக்கு மேல் ஒரு அம்மாளுக்குக் கதவு திறந்தது. அன்று உள்ளே போகத் தயாராக அவரிடம் பாட்டு இருந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் பாட்டை விடவில்லை.

1991-ல் நடந்த ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரல் 18-ந் தேதி கோழிக்கோட்டில் பெரிய கூட்டம் கூடியது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அன்று அறிவித்தார்கள். அறிவித்தது யார்? மந்திரியா? இல்லை. சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மாள். அவரும் உங்களைப் போல வயதான பிறகு எழுத்துக் கற்றவர். அன்று மைக் அவர் கையில் இருந்தது.

கதகளி பார்ப்பது எப்படி?

கதகளியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பச்சை முகம், பெரிய கிரீடம், அகலமான பாவாடை. "பார்த்தால் ஒன்றும் புரியவில்லை" என்று பலர் சொல்வார்கள். புரிந்து கொள்ள ஒரு வழி சொல்கிறேன்.

முகத்தின் நிறத்தைப் பாருங்கள். நிறம்தான் ஆளைச் சொல்லும்.

பச்சை முகம் என்றால் நல்லவர். நளன், அர்ச்சுனன், கிருஷ்ணன் எல்லாம் பச்சை.

பச்சைக்குள் சிவப்பாகக் கத்தி போல வளைந்த கோடு இருந்தால் அது "கத்தி" வேஷம். வீரம் இருக்கும், கர்வமும் இருக்கும். இராவணன், துரியோதனன், கீசகன் எல்லாம் கத்தி.

தாடியில் மூன்று வகை. வெள்ளைத் தாடி அனுமான். சிவப்புத் தாடி துச்சாதனன் போன்ற கொடியவர். கறுப்புத் தாடி வேடன்.

முழுக்கக் கறுப்பாக வந்தால் "கரி". சூர்ப்பனகை போன்ற அரக்கிக்கு இந்த வேஷம்.

பெண்களும் முனிவர்களும் பளபளப்பாக, சாதாரண முகத்தோடு வருவார்கள். அது "மினுக்கு".

இவ்வளவு தெரிந்தால் போதும். ஆள் மேடைக்கு வந்தவுடன் நல்லவரா கெட்டவரா என்று சொல்லி விடலாம்.

நடிகர் வாய் திறந்து பேச மாட்டார். கையாலும் கண்ணாலும் பேசுவார். பின்னால் இரண்டு பேர் நின்று பாடுவார்கள். முதலில் பாடுகிறவருக்குப் பொன்னானி என்று பெயர். கூடப் பாடுகிறவர் சிங்கிடி. செண்டையும் மத்தளமும் முழங்கும். கதை தெரிந்திருந்தால் பாட்டின் சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பாரதக் கதையும் இராமாயணக் கதையும் உங்களுக்குத் தெரியாதா? நளன் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்களே! அதுவேதான் மேடையில் வரும். போகும் முன் இன்று என்ன கதை என்று மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள்.

முடிந்தால் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். மேடைக்குப் பின்னால் நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். முகம் எழுதுகிறவர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். தாடை ஓரமாக வெள்ளை விளிம்பு வைப்பார். அதற்குச் சுட்டி என்று பெயர். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து வைப்பது பழைய வழக்கம். இப்போது காகிதமும் வெட்டி ஒட்டுகிறார்கள். ஒரு வேஷம் முடியச் சில மணி நேரம் ஆகும். சுட்டி வைக்கிறவர் மேடைக்கு வருவதில்லை. அவர் கை இல்லாமல் கதகளியும் இல்லை.

இந்த ஊரில் கதகளியும் கூடியாட்டமும் சொல்லிக் கொடுக்கும் ஒரு நிலையம் உண்டு. அதன் பெயர் மார்கி. அப்புக்குட்டன் நாயர் என்ற இஞ்சினீயர் 1970-ல் அதைத் தொடங்கினார். கோட்டைப் பகுதியில் கதகளி, வலியசாலையில் கூடியாட்டம். கிழக்கே கோட்டையில் கார்த்திகைத் திருநாள் அரங்கம் இருக்கிறது. கதகளி அங்கேயும் நடக்கும். அந்த அரங்கத்துக்குப் பெயர் தந்த கார்த்திகைத் திருநாள் மகாராஜாவும் கதகளிக்கு நாடகம் எழுதியவர்தான்.

கூடியாட்டமும் நங்கையார் கூத்தும்

கூடியாட்டம் மிகவும் பழைய நாடகம். வடமொழி நாடகத்தை நடித்துக் காட்டுவது. பெரிய செம்புப் பானை போல ஒரு வாத்தியம் முழங்கும். அதன் பெயர் மிழாவு. ஒரு சின்னக் காட்சியை விரித்து விரித்து நாள் கணக்கில் நடிப்பார்கள். அவசரம் இல்லாத கலை இது. பெண் ஒருத்தி தனியாக நடித்தால் அது நங்கையார் கூத்து.

முன்பு இந்தக் கலை கோயிலுக்குள் மட்டும் நடந்தது. சாக்கியார், நங்கையார் என்ற குலத்தார் மட்டும் நடித்தார்கள். கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாத காலம் அது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-ந் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அதற்கு முன்னால் நம்மில் எத்தனையோ பேருடைய பாட்டன் பாட்டிமார் அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

பிறகு கலை கோயிலை விட்டு வெளியே வந்தது. 1965-ல் கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டம் கற்பிக்கத் தொடங்கினார்கள். மற்றக் குலத்துப் பிள்ளைகளும் கற்றார்கள். 2001-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு, உலகமே காக்க வேண்டிய கலை என்று கூடியாட்டத்தைப் போற்றியது.

மார்கி சதி என்ற நடிகையை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நங்கையார் கூத்தில் பேர் பெற்றவர். இராமாயணக் கதையை ஒரு பெண் தனியாக நடிப்பதற்கு ஏற்றபடி அவரே எழுதினார். 2015-ல் காலமானார். ஒருவர் நடித்துக் காட்டியது அவரோடு போய் விடும். எழுதி வைத்தது நிற்கும். எழுத்தின் அருமை அதிலும் தெரிகிறது.

மியூசியம்

பாளையம் தாண்டி மியூசியம் இருக்கிறது. நீங்கள் மிருகக்காட்சிச் சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போயிருப்பீர்கள். அதே வளாகத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்த பெரிய கட்டடம் நிற்கிறது. அதுதான் நேப்பியர் மியூசியம். சிஷோம் என்ற வெள்ளைக்காரர் அதற்குப் படம் போட்டார். 1880-ல் கட்டி முடித்தார்கள். கேரளத்துக் கோயில் கூரையைப் பார்த்து அந்தக் கூரையை அமைத்தார்கள். உள்ளே பழைய வெண்கலச் சிலைகளும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன.

அதே வளாகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. 1935-ல் அங்கே சித்ரா ஓவியக்கூடம் திறந்தார்கள். 2023-ல் ரவிவர்மாவுக்கென்றே தனிக் கூடம் திறந்தார்கள்.

ரவிவர்மா யார்? நம் வீட்டுச் சுவரில் தாமரை மேல் நிற்கும் லட்சுமி படம் இருக்கிறதே, அந்த வகைப் படத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர். கிளிமானூரில் 1848-ல் பிறந்தார். திருவனந்தபுரம் அரண்மனையில் இராமசாமி நாயுடு என்ற ஓவியர் இருந்தார். தண்ணீர் வண்ணத்தில் வரைவதை அவரிடம் கற்றார். எண்ணெய் வண்ணம் வரையக் கற்பதற்கு மிகவும் பாடுபட்டார். மற்றவர் வரைவதைப் பார்த்துப் பார்த்துத் தாமே பழகினார்.

அவர் வரைந்த படங்களை ராஜாக்கள் வாங்கினார்கள். பிறகு 1894-ல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லில் படம் எழுதி அச்சடித்தார்கள். ஒரே படம் ஆயிரக்கணக்கில் வந்தது. விலையும் குறைந்தது. கோயிலுக்குள் போக முடியாத ஏழையும் தன் குடிசையில் தெய்வத்தின் படத்தை மாட்டினான்.

அங்கே ஒரு படத்தை மறக்காமல் பாருங்கள். அன்னமும் தமயந்தியும் இருக்கும் படம். நளன் அனுப்பிய அன்னப் பறவை அவளிடம் பேசுகிறது. அவள் சிவப்புச் சேலை கட்டி நின்று கேட்கிறாள். கதகளியில் பார்த்த அதே நளன் கதை. ஒரு கதையை ஒருவர் ஆடிக் காட்டுகிறார். ஒருவர் வரைந்து காட்டுகிறார். இரண்டையும் பார்த்தவருக்குக் கதை மனதில் நன்றாகப் பதியும்.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று போய் ஏமாற வேண்டாம். சீட்டு விலை எவ்வளவு என்று வாசலில் பலகை இருக்கும். நீங்களே படித்துப் பாருங்கள்.

காசில்லாமல் பார்க்க

ஓணம் வாரத்தில் இந்த ஊரில் பல இடங்களில் மேடை போடுவார்கள். கனகக்குன்னில் நிசாகந்தி என்ற திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. அங்கே பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் நடக்கும். கடைசியில் பெரிய ஊர்வலம் கிழக்கே கோட்டை வரை வரும். புலிவேஷம் வரும். தெய்யம் வரும். செண்டைமேளம் வரும். ரோட்டு ஓரத்தில் நின்று பார்க்கலாம்.

சவிட்டு நாடகம் நடந்தால் பாருங்கள். கொச்சிப் பக்கத்துக் கடலோரக் கிறிஸ்தவர்களின் கலை அது. மரப்பலகை மேல் காலால் ஓங்கி மிதித்து ஆடுவார்கள். பழைய பாட்டுகளில் தமிழ் நிறையக் கலந்திருக்கும். சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் அந்த நாடகங்களை எழுதினார் என்று சொல்வார்கள்.

காக்காரிசி நாடகம் என்று ஒன்று உண்டு. இந்தத் தென்கோடியில் தோன்றிய கூத்து. சிவனும் பார்வதியும் குறி சொல்லும் காக்கானும் காக்காத்தியுமாக ஊருக்குள் வருவார்கள். ஊர்ப் பெரிய மனிதனைக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைப்பார்கள். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். சாலைக் கடைத்தெருவில் நாம் பேசுவதும் அப்படித்தானே!

நந்தன்கோட்டில் வைலோப்பிள்ளி சம்ஸ்கிருதி பவன் இருக்கிறது. வெள்ளயம்பலம் பக்கத்தில் மானவீயம் வீதி இருக்கிறது. அந்த வீதியில் மாலை நேரத்தில் பாட்டும் நாடகமும் நடக்கும். மேடையும் இல்லை, வாசலும் இல்லை. நடந்து போகிறவர் நின்றால் அவரே ரசிகர்.

ஜனவரி மாதம் கிழக்கே கோட்டையில் குதிரமாளிகையின் முற்றத்தில் சுவாதி சங்கீத விழா நடக்கும். குதிரமாளிகை சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை. கூரைக்கு அடியில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் இருக்கின்றன. பாட்டுக் கேட்டுக் கொண்டே அண்ணாந்து பாருங்கள்.

டிசம்பரில் உலகத் திரைப்பட விழா நடக்கும். 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. பிறகு இந்த ஊரின் விழாவாக ஆகிவிட்டது. பல நாட்டுப் படங்கள் வரும். அதற்கு மட்டும் முன்னதாகப் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். பேச்சு புரியாது. அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலம். ஆனாலும் அழுகையும் சிரிப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கடைத்தெருவில் ஓர் எழுத்தாளர்

பாளையத்தில் அரசுப் பொது நூலகம் இருக்கிறது. 1829-ல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. தமிழ்ப் புத்தகங்களும் அங்கே உண்டு. உறுப்பினர் ஆவது எப்படி என்று அங்கே கேளுங்கள். படிவம் தருவார்கள். உங்கள் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அங்கே போனால் ஆ. மாதவன் எழுதிய கதைகள் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதவன் 1934-ல் இந்த ஊரில் பிறந்தவர். பள்ளியில் மலையாளம் படித்தவர். தமிழைத் தாமாகவே கற்றார். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். வியாபாரம் செய்து கொண்டே கதை எழுதினார். யாரைப் பற்றி எழுதினார்? சுமை தூக்குகிறவர், பிச்சை எடுக்கிறவர், சில்லறை வியாபாரி, கடைத்தெருவில் படுத்து உறங்குகிறவர். நம்மைப் பற்றித்தான் எழுதினார். ஒரு புத்தகத்தின் பெயரே "கடைத்தெருக் கதைகள்". 2015-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021-ல் காலமானார்.

நீங்கள் மூட்டை இறக்கும் அதே தெரு புத்தகத்துக்குள் இருக்கிறது. எழுத்துத் தெரியாதவரைக்கும் அது உங்களுக்குத் தெரியாது. இப்போது படிக்கலாம். "இது தப்பு, எங்கள் தெரு இப்படி இல்லை" என்று சண்டையும் போடலாம். அந்த உரிமை உங்களுக்கு வந்து விட்டது.

நாற்காலி காலியாகக் கூடாது

கடைசியாக எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் விளக்குப் போடுகிறோம். நடிகர் மூன்று மணி நேரம் படுத்து முகம் எழுதிக் கொள்கிறார். மிழாவு முழங்குகிறது. திரை விலகுகிறது. எதிரே பார்த்தால் முன் வரிசையில் பத்துப் பேர். பின்னால் நாற்காலி எல்லாம் காலி. மேலே இருந்து விளக்குப் போடுகிறவனுக்கு எல்லாம் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் வாசலுக்கு வெளியே நடந்து போகிறார். "இது நமக்கு இல்லை" என்று நினைத்துப் போகிறார்.

ராஜா காலத்தில் ராஜா கலைஞருக்குச் சோறு போட்டார். இன்று அரசு கொஞ்சம் கொடுக்கிறது. ஆனால் பார்க்க ஆள் இல்லாத கலை நிற்காது. பார்க்கிறவர் இருந்தால் கற்றுக் கொள்ளப் பிள்ளைகள் வருவார்கள். சுட்டி வைக்கிறவருக்கு வேலை இருக்கும். எனக்கும் வேலை இருக்கும்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். கோயிலோடு சேர்ந்த இடங்களில் உடைக்கும் நுழைவுக்கும் விதி உண்டு. வாசலில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். மியூசியம், நூலகம், பொது அரங்கம், வீதி இவற்றில் உங்கள் சாதியை, மதத்தை, படிப்பை யாரும் கேட்கக் கூடாது. புதுச் சேலை வேண்டாம். வேலை உடுப்போடு வரலாம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். நாங்களும் சில கூத்தில் தூங்கியிருக்கிறோம்!

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள். திரும்பி வந்து இங்கே பேசுங்கள். எது பிடித்தது? எது பிடிக்கவில்லை? ஏன்? அடுத்தவரிடம் "இதைப் பார்" என்று சொல்லுங்கள்.

மையத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதன் மூலையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று வரி எழுதுங்கள். என்ன? எங்கே? எத்தனை மணிக்கு? முதல் வாரம் நான் எழுதுகிறேன். அடுத்த வாரம் உங்களில் ஒருவர் எழுத வேண்டும். யார் எழுதுகிறீர்கள்? கை தூக்குங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. "பிரவேசனம் சௌஜன்யம்" என்றால் என்ன?

2. கதகளியில் பச்சை முகத்தோடு வருகிறவர் எப்படிப்பட்டவர்?

3. பாறசாலை பொன்னம்மாள் 2006-ல் என்ன செய்தார்? அதற்கு முன் ஏன் அது முடியவில்லை?

4. உங்கள் ஊரில் முன்பு சிலருக்கு மட்டும் திறந்திருந்த இடம் எது? இன்று எல்லோரும் போகிறார்களா?

5. உங்களுக்குத் தெரிந்த பாட்டு, கூத்து, தாலாட்டு ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.